டிக்கை எடுத்தேன், ஆனால் அது போகவில்லை: செக்பாக்ஸ் படிவம் முதல்முறை செய்கிறவர்களுக்கு

ஹட்டனில் நாங்கள் சில பேர் சேர்ந்து, சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறோம். யார் எந்த ஆவணம் தந்தார்கள், எது பாக்கி என்பதை ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வந்தோம். கொப்பி போதாமல் போனதும், "நீதானே கம்பியூட்டர் படிச்சவன்" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பத்து செக்பாக்ஸ் (டிக் போடும் சதுரப் பெட்டி) உள்ள ஒரே ஒரு பக்கம்தானே, ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் போயிற்று.

நேரம் போனதுகூடப் பரவாயில்லை. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வரும் அக்கா, மகளின் பிறப்புச் சான்றிதழைப் பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள் என்று எங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார். நானே அந்தப் பெட்டியில் இருந்த டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்தேன். 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தும் வந்தது. ஆனால் தரவுத்தளத்தில் டிக் அப்படியே இருந்திருக்கிறது. அதனால் பாக்கிப் பட்டியலில் அந்த அக்காவின் பெயரே வரவில்லை. கடைசித் தேதிக்கு முதல் நாள் ஃபைலைப் பிரித்தால் சான்றிதழ் இல்லை. போன் பண்ணிச் சொன்னேன். "சரி தம்பி, வர்றேன். ஒரு நாள் பேருதான் போகும்" என்றார்.

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கு, அது போனால் அன்றைய சம்பளமும் போகும். அந்த ஒரு நாள் பேர் என் கோடால் போனது. உங்கள் கோடால் யாருக்கும் அப்படிப் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் செய்தது பிஎச்பி என்ற கணினி மொழியிலும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்திலும். பைத்தானிலோ நோடிலோ செய்கிறவர்களுக்கு எங்கே மாறும் என்பதை இடையிடையே சொல்கிறேன். படிவத்தில் இருக்கும் பெயர்களை இங்கே புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் கோடில் இடைவெளி இல்லாத சின்ன ஆங்கில எழுத்துகளில் வையுங்கள்.

தொடங்குமுன்: என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

ஒரு சாதாரண மடிக்கணினி போதும். எக்ஸ்ஏஎம்பிபி என்ற மென்பொருள் இலவசம். அதைப் போட்டுவிட்டால் இணையம் இல்லாமலே பிஎச்பி, தரவுத்தளம் இரண்டும் உங்கள் கணினியிலேயே ஓடும். மழைக்காலத்தில் லைனும் சிக்னலும் சேர்ந்து போகிற ஊரில் இது பெரிய உதவி. செய்து, சோதித்து, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே ஹோஸ்டிங்குக்கு, அதாவது பக்கத்தை இணையத்தில் வைக்கும் இடத்துக்கு, காசு கட்டுங்கள். கட்டும்போது முதல் வருட விலையை மட்டும் பார்க்காமல், புதுப்பிக்கும் வருடத்துக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். வெளிநாட்டு நிறுவனம் என்றால் உங்கள் வங்கி அட்டையில் இணையக் கட்டணம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு: படிவம் போட ஒரு மணித்தியாலம். சேமிக்கும் பகுதிக்கு ஒரு மாலை. திருத்தும் பக்கத்துக்கு இரண்டு மாலை. சோதனைக்கு ஒரு முழு நாள். நான் கடைசி இரண்டையும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

1. முதலில் தாளில் எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன், கேட்கப் போகிற ஒவ்வொரு பெட்டியையும் தாளில் எழுதி, அது எந்த வகை என்று பக்கத்தில் குறியுங்கள்.

'தகவலைப் பகிரச் சம்மதம்' என்பது தனிப் பெட்டி. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். 'கொண்டுவந்த ஆவணங்கள்' என்பது கூட்டம். அதில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். 'எந்த மொழிமூலம் படிக்கிறார்' என்பதில் ஒன்றுதான் தேர்வாக வேண்டும், ஆகவே அது செக்பாக்ஸே இல்லை, ரேடியோ பட்டன். இதைக் குழப்பிக்கொண்டால் ஒரே பிள்ளை தமிழ்மூலமும் சிங்களமூலமும் படிப்பதாகப் பதிவாகும். எங்களுக்கு இரண்டு பேர் அப்படி வந்தார்கள்.

எங்கள் ஆவணக் கூட்டம் இது: பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி, சம்பளச் சீட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் குறியீடு வைத்தோம்: பிறப்பு, கிராமம், அட்டை, வங்கி, சம்பளம்.

இந்தக் குறியீடு முக்கியம். நான் முதலில் திரையில் தெரியும் முழு வாசகத்தையே மதிப்பாகவும் வைத்திருந்தேன். அப்புறம் ஒருவர் 'கிராம சேவகர்' என்றிருந்ததை 'கிராம உத்தியோகத்தர்' என்று மாற்றினார். நல்ல திருத்தம்தான். ஆனால் அன்றோடு பழைய பதிவுகள் எதுவும் புதியதோடு பொருந்தவில்லை. திரையில் தெரிவது எப்படியும் மாறும், சிங்களத்திலும் போடச் சொல்வார்கள். உள்ளே போகும் குறியீடு மாறக்கூடாது.

2. படிவத்தைப் போடுங்கள்

ஒவ்வொரு செக்பாக்ஸுக்கும் நேம் (பெயர்), வேல்யூ (மதிப்பு) இரண்டும் கொடுங்கள். வேல்யூ கொடுக்க மறந்தால், டிக் போட்டதும் 'ஆன்' என்ற சொல் மட்டும் வரும். ஐந்து பெட்டியிலிருந்தும் 'ஆன்', 'ஆன்' என்று வந்தால் எது எந்த ஆவணம் என்று யாருக்குத் தெரியும்?

பெட்டியையும் அதன் எழுத்தையும் லேபிள் டேகுக்குள் சேர்த்து வையுங்கள். அப்போது எழுத்தைத் தொட்டாலும் டிக் விழும். எங்கள் படிவத்தைப் பாதிப் பேர் போனில் நிரப்புகிறார்கள், மீதிப் பேருக்கு டவுனில் கொமியூனிகேஷன் கடையில் இருக்கிற தம்பி நிரப்பிக் கொடுக்கிறார். வெடிப்பு விழுந்த போன் திரையில் அந்தக் குட்டிச் சதுரத்தை மட்டும் குறிபார்த்துத் தொடு என்பது அநியாயம்.

அனுப்பும் முறை போஸ்ட் ஆக இருக்கட்டும். கெட் வைத்தால் பிள்ளைகளின் விவரமெல்லாம் முகவரிப் பட்டையில் தெரியும், கடைக் கணினியின் ஹிஸ்டரியிலும் நிற்கும்.

'ரிக்வயர்ட்' (கட்டாயம்) என்ற பண்பு பற்றி ஒரு எச்சரிக்கை. 'ஏதாவது ஒரு ஆவணமாவது வேண்டும்' என்று நினைத்து ஐந்து பெட்டிக்கும் ரிக்வயர்ட் போட்டால், ஐந்திலும் டிக் போடாமல் படிவம் நகராது. அப்படி ஒரு விதி உங்களுக்கு வேண்டுமென்றால், ஒன்றாவது இருக்கிறதா என்பதை சேவையகத்தில் (சர்வரில்) எண்ணிப் பாருங்கள். கட்டாயம் டிக் விழ வேண்டிய தனிப் பெட்டிக்கு மட்டும் ரிக்வயர்ட் சரி.

3. எதையும் சேமிக்குமுன், என்ன வருகிறது என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் எனக்கு மூன்று வாரம். வந்து சேர்ந்ததை அப்படியே திரையில் கொட்டுங்கள். பிஎச்பியில் வார்-டம்ப், பைத்தானில் பிரிண்ட். பிறப்பு, வங்கி இரண்டில் மட்டும் டிக் போட்டு அனுப்பினால் உலாவி (பிரவுசர்) அனுப்புவது இதுதான்:

எண்=27&ஆவணம்=பிறப்பு&ஆவணம்=வங்கி

மற்ற மூன்று பெட்டி எங்கே? இல்லை. 'கிராமம்=இல்லை' என்றோ 'அட்டை=0' என்றோ எதுவும் வராது. டிக் போடாத பெட்டியை உலாவி அனுப்புவதே கிடையாது. எதிலும் டிக் இல்லாவிட்டால் 'ஆவணம்' என்ற பெயரே வராது.

தோட்டத்துச் செக்ரோலோடு (தொழிலாளர் வருகைப் பதிவேடு) ஒப்பிட்டால் சட்டென்று விளங்கும். கணக்கப்பிள்ளையின் கையில் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. வராதவருக்கு எதிரே கட்டம் வெறுமையாகக் கிடக்கும், அந்த வெறுமையே ஒரு பதிவு. செக்பாக்ஸ் அப்படி அல்ல. வந்தவர்களின் பெயரை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிற மாதிரி. வராதவர் யார் என்று தெரிய வேண்டுமென்றால் முழுப் பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் மீதி இருப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

4. தனிப் பெட்டி: வராததை 'இல்லை' என்று எழுதுங்கள்

சம்மதப் பெட்டியின் பெயர் வந்திருக்கிறதா என்று பிஎச்பியின் இஸ்செட் என்ற கட்டளை கொண்டு பாருங்கள். வந்திருந்தால் 1, இல்லையென்றால் 0. தரவுத்தளத்தில் அந்த நிரலுக்கு (அட்டவணையின் கொலம்) இயல்பு மதிப்பு 0, வெறுமை அனுமதி இல்லை என்று வையுங்கள். நேரடியாக மதிப்பை எடுக்கப் போனால், டிக் இல்லாத நேரத்தில் பிஎச்பி அந்தப் பெயரே இல்லை என்று முறைக்கும்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. செக்பாக்ஸுக்கு முன்னால் அதே பெயரில், திரையில் தெரியாத ஒரு மறைவுப் புலம் வைத்து, மதிப்பு 0 கொடுப்பார்கள். டிக் இல்லாவிட்டால் 0 மட்டும் போகும். டிக் இருந்தால் 0, 1 இரண்டும் போகும், பிஎச்பி கடைசியில் வந்ததை எடுத்துக்கொள்ளும். அழகாக வேலை செய்யும். ஆனால் அதே படிவத்தை பைத்தானின் ஃப்ளாஸ்க்கில் 'கெட்' என்ற வாசிக்கும் கட்டளை (மேலே சொன்ன அனுப்பும் முறை அல்ல) கொண்டு வாசித்தால் அது முதலில் வந்ததை எடுக்கும், எல்லாரும் எப்போதும் 0 தான். பைத்தானிலேயே இன்னொரு கட்டமைப்பான ஜாங்கோவின் கெட் கடைசியை எடுக்கும். ஆளுக்கொரு நியாயம். நான் மறைவுப் புலத்தை விட்டுவிட்டேன், இஸ்செட் போதும்.

5. கூட்டம்: எல்லாவற்றையும் வாங்குங்கள்

பிஎச்பியில் பெயரின் கடைசியில் [] என்று சதுர அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் மூன்று பெட்டியில் டிக் போட்டாலும் கடைசி ஒன்று மட்டும் கையில் நிற்கும். எங்களுடைய முதல் சனிக்கிழமையில் எல்லாப் பிள்ளைகளும் சம்பளச் சீட்டு மட்டும் தந்ததாகப் பதிவாகியிருந்தது. பட்டியலில் சம்பளச் சீட்டுதான் கடைசி என்பது உறைக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

பைத்தானில் [] தேவையில்லை, கெட்லிஸ்ட் என்று கேளுங்கள். நோடில் எக்ஸ்பிரஸ் வைத்துச் செய்கிறவர்களுக்கு வேறு பொறி: இரண்டு டிக் என்றால் பட்டியலாக வரும், ஒரே டிக் என்றால் வெறும் சொல்லாக வரும். அந்தச் சொல்லை லூப்பில் விட்டால் அது எழுத்து எழுத்தாகப் பிரிந்து, ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆவணமாகும். பட்டியல் இல்லையென்றால் முதலில் பட்டியலாக்கிவிட்டு அப்புறம் லூப்பில் விடுங்கள்.

எந்த மொழியானாலும், ஒன்றுமே வராவிட்டால் வெற்றுப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

6. வந்ததை உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள்

படிவத்தில் ஐந்து குறியீடுதான் இருக்கிறது, வேறு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள். உலாவியிலேயே வேல்யூவை மாற்றி அனுப்ப ஐந்து விநாடி போதும். அனுமதித்த ஐந்தையும் ஒரு பட்டியலாக வைத்து, வந்ததில் அதற்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். பிஎச்பியில் அரே-இன்டர்செக்ட் ஒரே வரியில் இதைச் செய்யும். தரவுத்தளத்துக்கு அனுப்பும்போது ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட், அதாவது கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்பும் முறை. இதில் பேரமே வேண்டாம்.

7. சேமிப்பது

'பிறப்பு,வங்கி,அட்டை' என்று காற்புள்ளி போட்டு ஒரே நிரலில் அடைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது, செய்தேன். 'வங்கிப் புத்தகம் தராதவர்கள் யார்' என்று முதல் கேள்வி வந்த அன்றே வருத்தப்பட்டேன்.

தனி அட்டவணை போடுங்கள். நிரல்கள் நான்கு: மாணவர் எண், ஆவணக் குறியீடு, வாங்கிய தேதி, வாங்கியவர். ஒரு ஆவணத்துக்கு ஒரு வரி. மாணவர் எண்ணையும் குறியீட்டையும் சேர்த்து முதன்மைச் சாவி (ஒரே சேர்க்கை இரண்டு தடவை வராமல் தடுப்பது) ஆக்குங்கள். சிக்னல் இழுக்கும்போது பொறுமையில்லாமல் நாலு தடவை சேமி பட்டனை அமுக்குவார்கள், அப்போதும் ஒரே வரிதான் நிற்கும். சேமித்து முடிந்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ரீஃப்ரெஷ் செய்ததும் அதே படிவம் மறுபடி போகும்.

8. திருத்தும் பக்கம்

அந்த அக்காவின் சான்றிதழ் மாட்டிக்கொண்டது இங்கேதான். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் போகலாம்.

முதலில் பழைய நிலையைத் திரையில் காட்ட வேண்டும். தரவுத்தளத்தில் வரி இருந்தால் பெட்டிக்கு 'செக்ட்' என்ற பண்பைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சொல்லே இருக்கக்கூடாது. 'செக்ட்' என்பதற்குச் சமன்குறி போட்டு 'ஃபால்ஸ்' என்று எழுதினாலும் டிக் விழும். அந்தச் சொல் இருக்கிறதா என்று மட்டும்தான் உலாவி பார்க்கிறது, அதற்கு என்ன மதிப்பு என்று பார்ப்பதில்லை.

அடுத்தது சேமிப்பு. என் பழைய கோட் செய்தது இவ்வளவுதான்: வந்த ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வரி சேர், ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு. பார்க்க ஒரு குறையும் தெரியாது. ஆனால் டிக்கை எடுத்த பெட்டி வருவதே இல்லையே! வராததைப் பற்றி அந்தக் கோடுக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே அது எதையும் நீக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் வரி அசையாமல் இருந்தது.

எல்லாரும் சொல்லும் வழி, அந்த மாணவரின் வரிகளை முழுக்க அழித்துவிட்டு, வந்தவற்றைப் புதிதாகப் போடுவது. சுலபம், சரியாகவும் வேலை செய்யும். ஆனால் எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஒரு டிக்கை மாற்றினாலும் எல்லா ஆவணத்தின் 'வாங்கிய தேதி'யும் இன்றைய தேதியாகிவிடும். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் எப்போது கைக்கு வந்தது என்பது எங்களுக்கு அவசியம், பழையது என்று திருப்பி அனுப்புகிற இடங்கள் உண்டு.

ஆகவே வித்தியாசம் பாருங்கள். தரவுத்தளத்தில் இருப்பது ஒரு பட்டியல், படிவத்தில் வந்தது ஒரு பட்டியல். வந்ததில் இருந்து பழையதைக் கழித்தால் புதிதாகச் சேர்க்க வேண்டியது. பழையதில் இருந்து வந்ததைக் கழித்தால் நீக்க வேண்டியது. இரண்டிலும் இருப்பதைத் தொடாதீர்கள். பிஎச்பியில் அரே-டிஃப் இரண்டு தடவை. அந்த அக்காவின் பதிவில் பழையது பிறப்பு, வங்கி, அட்டை; வந்தது வங்கி, அட்டை. இரண்டாவது கழித்தலில் பிறப்பு மட்டும் மிஞ்சும். அதை நீக்கு. இந்த ஒரு வரிதான் என்னிடம் இல்லாமல் போனது.

சேர்ப்பதையும் நீக்குவதையும் ஒரே ட்ரான்சாக்ஷனுக்குள் (எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது) வையுங்கள், அதற்கு அட்டவணை மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி வகையாக இருக்கட்டும். பாதியில் லைட் போனால் பாதி மட்டும் மாறி நிற்கக்கூடாது.

இனி இதற்குள் இருக்கும் ஒரு கெட்ட பொறி. சரிபார்த்து முடிந்த ஆவணத்தை யாரும் தெரியாமல் மாற்றிவிடக்கூடாது என்று அந்தப் பெட்டியை 'டிஸேபிள்ட்' (தொட முடியாதது) ஆக்கத் தோன்றும். டிஸேபிள்ட் ஆன பெட்டி, டிக் இருந்தாலும் அனுப்பப்படாது. உங்கள் புதிய கோட் அதை 'டிக் எடுத்தாயிற்று' என்று புரிந்துகொண்டு, சரிபார்த்த ஆவணங்களையே தேடித் தேடி நீக்கும். அதற்குப் பதில் 'ரீட்-ஒன்லி' (பார்க்க மட்டும்) என்ற பண்பைப் போடலாம் என்றால், அது செக்பாக்ஸில் வேலை செய்யாது. பூட்டிய பெட்டிகள் எவை என்பது சேவையகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீக்கும் பட்டியலிலிருந்து முதலில் அவற்றைக் கழித்துவிடுங்கள்.

9. நீளமான பட்டியல் என்றால்

வகுப்பு வருகைப் பதிவுக்கும் இதே படிவத்தை மாற்றிப் பயன்படுத்தினோம். அப்போது இரண்டு விஷயம் தெரிந்தது.

ஒன்று, பெயர்ப் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்திருந்தால், முதல் பக்கத்தைச் சேமிக்கும்போது இரண்டாம் பக்கத்துப் பிள்ளைகளின் பெயர் வராது. படிவத்தில் பெயர் வராதவர்கள் எல்லாம் வகுப்புக்கு வரவில்லை என்று கோட் முடிவு கட்டிவிடும். திரையில் காட்டிய மாணவர்களின் எண்களை மறைவுப் புலங்களில் சேர்த்து அனுப்புங்கள், அந்த எண்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

இரண்டு, பிஎச்பி ஒரு படிவத்தில் 1000 புலங்களுக்கு மேல் ஏற்காது. மேக்ஸ்-இன்புட்-வார்ஸ் என்ற அமைப்பின் இயல்பு அளவு அது. மீதியை வெட்டிவிடும். திரையில் உங்களுக்கு ஒன்றும் தெரியாமலும் போகலாம், எச்சரிக்கை சேவையகத்தின் லாகில் (பதிவுக் கோப்பில்) தான் இருக்கும். மறைவுப் புலங்களும் இந்தக் கணக்கில் சேரும். அளவைக் கூட்டலாம், ஆனால் ஒரு வகுப்புக்கு ஒரு பக்கம் என்று பிரிப்பதே நல்லது.

10. சம்மதப் பெட்டி

முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். யாரும் கை வைக்காத பெட்டி சம்மதம் ஆகாது. நம் இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளின் விவரங்களை அது விசேட வகையாகப் பார்க்கிறது. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் வாங்குகிறோம். டிக் மட்டும் போதாது, எந்த வாசகத்துக்கு, எந்தத் தேதியில் சம்மதித்தார் என்பதையும் சேர்த்து வையுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டிவிட்டு, டிக்கை அவர் கையாலேயே போட வையுங்கள்.

11. சோதனை

ஒரு பொய் மாணவரை உருவாக்கி, கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் பச்சை எழுத்தை நம்பாமல், தரவுத்தளத்தை நேரே காட்டும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து அட்டவணையையே பாருங்கள்.

எதிலும் டிக் இல்லாமல் சேமியுங்கள். ஒரே ஒரு டிக். ஐந்திலும் டிக். பிறகு நடுவில் இருக்கிற ஒன்றின் டிக்கை எடுத்துச் சேமியுங்கள். பிறகு எல்லாவற்றையும் எடுத்துச் சேமியுங்கள். இந்தக் கடைசி இரண்டை யாரும் செய்து பார்ப்பதில்லை. பூட்டிய பெட்டியோடு ஒரு தடவை, இரண்டு கணினியில் ஒரே மாணவரைத் திறந்துவைத்து ஒரு தடவை. இரண்டு பேர் திறந்திருந்தால் பிந்திச் சேமித்தவர் முந்தியவரின் டிக்கை அழித்துவிடுவார். பதிவுகளைத் திருத்துவது எங்கள் மேசையில் இருக்கும் ஒருவர்தான் என்பதால் நான் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. உங்களிடம் நாலு பேர் என்றால், கடைசியாகத் திருத்திய நேரத்தைப் படிவத்தோடு அனுப்பி, அது மாறியிருந்தால் சேமிக்க மறுத்துவிடுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் சோதிக்கிறவர்களுக்கு: சாதாரண ரீஃப்ரெஷில் அது நீங்கள் கடைசியாகத் தொட்ட டிக்கை நினைவில் வைத்துக் காட்டும், தரவுத்தளத்தில் உள்ளதை அல்ல. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். இதற்காக ஒரு மாலை முழுக்கச் சரியாக இருந்த கோடைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

முதல் மாதம் சீஆர் கொப்பியை மூடிவிடாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் பாக்கிப் பட்டியலை அச்செடுத்து, கொப்பியோடும் ஃபைலில் உள்ள காகிதங்களோடும் ஒருவர் வாசிக்க ஒருவர் பார்த்துச் சரிபாருங்கள். எங்களுக்கு அரை மணித்தியாலம்தான் ஆகிறது, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிந்துவிடும்.